இருபது நிமிடத் திருட்டு

அத்தியாயம் 6

"ஒருத்தரை ஆறு மாசம் உள்ள வைக்கிறதுக்கு எத்தனை வாக்கியம் வேணும்?" என்று கேட்டான் பதினாலு.

"நல்லா எழுதத் தெரிஞ்சவர்னா ஒண்ணு போதும். இந்த டாக்டர் மூணு எழுதியிருக்கார்" என்றார் வக்காலத்தம்மா.

மணி மதியம் இரண்டரை. மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டுக்கு வெளியே இருந்த இரும்பு லாக்கரில் இருவரும் தங்கள் உடைமைகளைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். போன், கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட். கண்ணாடி உள்ளதும் வார் உள்ளதும் வார்டுக்குள் போகக் கூடாது. டாக்டரானாலும் நர்ஸானாலும் அதே விதிதான். பதினாலு இடது கையால் கால்சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டான். பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மனுஷனாக நடந்துகொள் என்று சொல்கிறார்களே என்பது அவனுடைய பழைய மனத்தாங்கல்.

வக்காலத்தம்மா வக்கீல் இல்லை. சிகிச்சையில் இருப்பவர்களின் சார்பாக டாக்டரிடமும் நிர்வாகத்திடமும் குழுக்களிடமும் பேசுவது அவருடைய வேலை. அதற்கு அடையாள அட்டையில் ஒரு முழ நீளத்துக்குப் பதவிப் பெயர் உண்டு. "யாரைப் பார்த்தாலும் வக்காலத்து வாங்க வந்துடுது இந்தம்மா" என்று யாரோ ஒரு டாக்டர் பல்லைக் கடித்த நாளிலிருந்து அட்டையை யாரும் படிப்பதில்லை. அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று.

பதினாலு அவருடைய உதவியாளன். நாற்பத்திரண்டு வயது. இதே வார்டில் இரண்டு முறை படுத்தவன், இரண்டு முறையும் பதினாலாம் கட்டில். குணமாகி வெளியே போனவன் அந்த அனுபவத்தையே தகுதியாகக் காட்டி வேலை வாங்கிவிட்டான். அவன் உள்ளே இருந்த ஏழு மாதத்தில் பார்வையாளர் புத்தகத்தில் அவனுக்கென்று ஒரு வரி கூட விழுந்ததில்லை. "மை செலவு வைக்காத நோயாளி" என்று அதைச் சொல்லிச் சிரிப்பான். கூடச் சிரிப்பவர்கள் குறைவு.

இன்றைய வழக்கு, வாட்ச் கடைக்காரர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுஆய்வுக் குழு கூடுகிறது. டாக்டரின் அறிக்கையை அது ஏற்றுக்கொண்டால் அவருக்கு இன்னும் ஆறு மாதம் இந்த வார்டுதான். வக்காலத்தம்மா அறிக்கையைப் படித்துக் காட்டினார்.

"ஊழியர்கள் தன் நேரத்தைத் திருடுவதாக நோயாளி நம்புகிறார். தண்ணீர் மோட்டார் தனக்குச் செய்தி சொல்வதாகக் கூறுகிறார். மகள் பார்வை நேரம் முடிந்த பிறகே வருகிறார், பொறுப்பேற்க ஆர்வமில்லை."

"மோட்டார்கூட பேசறாரா?" பதினாலு உதட்டைப் பிதுக்கினான். "எங்க காலத்துல ரேடியோதான் பேசும். வசதி பெருகிடுச்சு."

வாட்ச் கடைக்காரர் சாப்பாட்டுக் கூடத்தில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். கடிகாரத்தைப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வது முப்பத்தோரு வருடத் தொழில் கொடுத்த பழக்கம்.

"எனக்கு உடம்பு சரியில்லாம இருந்தது வாஸ்தவம்ங்க" என்று அவரே ஆரம்பித்தார். "வீட்ல அவ போனப்புறம் பதினோரு நாள் தூங்கல. கடையில இருந்த அத்தனை கடிகாரத்தையும் கழட்டிப் போட்டேன், ஒண்ணையும் திரும்ப மாட்டல. பொண்ணு பயந்துபோய் இங்க கொண்டாந்து சேர்த்துச்சு. சேர்த்தது சரிதான். மாத்திரை சாப்பிடறேன், தூங்கறேன். அது ஒரு கதை. இந்தக் கடிகாரம் சாயங்காலம் ஆனா இருபது நிமிஷம் முன்னால ஓடறது வேற கதை. ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதிட்டாங்க."

"மோட்டார் என்ன சொல்லுது?" என்றார் வக்காலத்தம்மா.

"அஞ்சரைன்னு சொல்லுது. வேற என்ன சொல்லும்?"

வார்டுக்குப் பின்னால் தண்ணீர் ஏற்றும் மோட்டார் தினமும் தானாகவே ஓட ஆரம்பிக்கும். சேர்ந்த புதிதில் அது ஓடும்போது சுவர்க் கடிகாரம் சரியாக ஐந்தரை காட்டியது. ஐந்து வாரமாக ஐந்து ஐம்பது காட்டுகிறது. ஏழு மணிக்குள் மறுபடியும் சரியாகிவிடுகிறது. அவர் தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பேனா, பென்சில் கூர்மையானவை என்பதால் வார்டில் மெழுகுக் குச்சிதான். தேதிவாரியாக, மோட்டார் ஓடும்போது கடிகாரம் காட்டிய மணியை ஊதா நிறத்தில் குழந்தை எழுதியது போலப் பெரிய பெரிய எழுத்தில் குறித்திருந்தார். இதற்கும் டாக்டர் "எழுதிக்கொண்டே இருக்கிறார்" என்று அறிக்கையின் ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தார்.

"என் பொண்ணு செருப்புக் கடையில வேலை பார்க்குது. அஞ்சு மணிக்கு விடுவாங்க. ஓடோடி வந்தாலும் அஞ்சு நாப்பது ஆயிடும். ஆறு மணி வரைக்கும் பார்வை நேரம், இருபது நிமிஷம் கிடைக்கும். அந்த இருபதுதான் போயிடுது. அஞ்சு வாரமாச்சு அது முகத்தைப் பார்த்து. கதவு வரைக்கும் வந்துட்டு 'டைம் முடிஞ்சுது'ன்னு திருப்பி அனுப்பிடறாங்க." அவர் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டேன்னு நெனைச்சுக்கும்ங்க. அதான் எனக்குத் தாங்கல."

பதினாலு வாயில் தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கிவிட்டான்.

*

வாசல் காவலாளிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று மீசை, இன்னொன்று காலையில் ரேடியோவோடு ஒத்துப் பார்த்து வைக்கும் கைக்கடிகாரம். அவருடைய புத்தகத்தில் யார் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்பதெல்லாம் முத்து முத்தாக இருந்தது. பதினாலு வார்டின் பார்வையாளர் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்து வைத்தான்.

"நேத்து" என்று வக்காலத்தம்மா விரலை ஓட்டினார். "பொண்ணு வாசல்ல நுழைஞ்சது அஞ்சு முப்பத்தெட்டு. வார்டுல என்ன எழுதியிருக்கு?"

"ஆறு ஒண்ணு. தாமதம். திருப்பி அனுப்பப்பட்டார்."

"வாசல்லேருந்து வார்டு வரைக்கும் எவ்வளவு தூரம்?"

"மூணு நிமிஷம். நான் கால்சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா நாலு."

"இப்ப வெளிய போன நேரத்தைப் பாரு."

பதினாலு பார்த்தான். மறுபடியும் பார்த்தான். வாசல் புத்தகப்படி அந்தப் பெண் ஐந்து நாற்பத்தைந்துக்கே வெளியே போய்விட்டாள்.

"அதாவது, வெளிய போய் பஸ் ஏறி முக்கால்வாசி வழி போனதுக்கப்புறம் வார்டுக்கு வந்து, லேட்டுன்னு திட்டு வாங்கியிருக்கு" என்றான் நிதானமாக. "மேடம், இந்தக் குடும்பத்துல நாம தப்பான ஆளை உள்ள வச்சிருக்கோம்."

ஐந்து வாரப் பக்கங்களையும் புரட்டினார்கள். மகள் வந்த நாளெல்லாம் அதே கூத்து. கடிகாரம் நகர்ந்தது உண்மை, அதில் இனி சந்தேகமில்லை. நகர்த்திய கை யாருடையது என்பதுதான் பாக்கி.

பதினாலுக்கு அதிலும் சந்தேகமில்லை. "பெரிய சிஸ்டர்" என்றான். ஆறு மணி அடித்தால் கைமணியை ஆட்டிப் பார்வையாளர்களை ஆட்டு மந்தை மாதிரி வெளியே ஓட்டுவது அந்தத் தலைமை நர்ஸ்தான். இவன் கட்டிலில் இருந்த காலத்தில் விடிந்ததும் விடியாததுமாகப் போர்வையை உருவியதும் அவர்தான். ஏழு வருடப் பகை. "சீக்கிரம் மணியடிச்சா சீக்கிரம் நிம்மதி. மோட்டிவ் கைல இருக்கு. பிடிச்சு உள்ள போட்டுடலாமா?"

"வியாழக்கிழமையைப் பார்த்தியா?" என்றார் வக்காலத்தம்மா.

நோட்டில் ஐந்து வியாழனும் மோட்டார் ஓடும்போது கடிகாரம் ஒழுங்காக ஐந்தரையே காட்டியிருந்தது. வியாழன் செருப்புக் கடைக்குச் சரக்கு வருகிற நாள், மகள் வர முடியாது. கடிகாரம் சரியாக ஓடிய ஒரே நாளில் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆள் இல்லை.

"பெரிய சிஸ்டர் வியாழக்கிழமை வேலைக்கு வர்றாங்க. போன வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூணு நாள் லீவு. அந்த மூணு நாளும் கடிகாரம் இருபது நிமிஷம் முன்னால ஓடியிருக்கு. லீவு போட்டுட்டு வந்து திருப்பிட்டுப் போனாங்களா?"

"அவங்க செய்யக்கூடியவங்கதான்" என்றான் பதினாலு. ஆனாலும் குரலில் தெம்பு இல்லை. ஏழு வருடமாக வளர்த்த சந்தேகம் ஐந்து நிமிடத்தில் செத்துப்போனால் யாருக்குத்தான் வலிக்காது.

*

சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்கள். கடிகாரம் ஆள் உயரத்துக்கு மேலே, இன்னொரு ஆளின் பாதி உயரத்தில் தொங்கியது. கூடத்தின் மேஜை நாற்காலிகள் எல்லாம் தரையோடு திருகப்பட்டவை. எந்த நாற்காலியையும் நகர்த்திப் போட்டு ஏற முடியாது.

"அப்ப ஏறினவங்களுக்குச் சிறகு இருக்கணும்" என்றான் பதினாலு. "சிறகு முளைச்சதா சொன்னவர் ஒருத்தர் எங்கூட இருந்தார். டிஸ்சார்ஜ் ஆயிட்டார்."

வக்காலத்தம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து புறப்பட்ட எறும்பு வரிசை ஒன்று சுவரில் ஏறி, நேராகக் கடிகாரத்துக்குப் போய், அதன் கீழ் விளிம்பில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"பதினாலு, கடிகாரம் என்ன சாப்பிடும்?"

"பேட்டரி."

"இது சர்க்கரை சாப்பிடுது."

அப்போது பின்னாலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. டீ அக்கா தன் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கெட்டில், கப்புகள், சர்க்கரை டப்பா எல்லாம் கீழ்த்தட்டில். மேல் தட்டு காலி. அந்த வார்டிலேயே நகரக்கூடிய, பிரேக் உள்ள, ஒரு ஆள் ஏறி நிற்கக்கூடிய ஒரே பொருள். மேல் தட்டின் நடுவில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் அச்சு தெளிவாகத் தெரிந்தது.

"அக்கா" என்றான் பதினாலு மெதுவாக. "உங்களுக்கு வார லீவு என்னிக்கு?"

"வியாழக்கிழமை. ஏன்ப்பா?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. சர்க்கரை படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இந்த வார்டில் பதினாலிடம் "சாப்பிட்டியா" என்று கேட்ட ஒரே ஆள் அவள். யாரும் வராத சாயங்காலங்களில் அவன் கப்பில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடவே விழும். பெரிய சிஸ்டராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று மனதார ஏங்கினான்.

டீ அக்கா மறைக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முன் கூடத்தின் ஜன்னலைக் காட்டினாள். அங்கே ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்வை நேரம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் தலைவாரி, சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார்.

"தம்பிக்காகக் காத்திருக்கார். நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போனவன், நாலு மாசமாச்சு. நாலு மணிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் நல்லாத்தான் இருப்பாரு. அந்தக் கடைசி அரை மணிதான் அவருக்கு ஆகாது. மத்தவங்க வீட்டு ஆளுங்க வந்து சிரிச்சுப் பேசறதப் பார்ப்பாரு. ஜன்னல் கட்டைல கைய ஓங்கி ஓங்கி அடிச்சுப்பாரு. நாலு பேர் வந்து பிடிப்பாங்க, ஊசி போடுவாங்க. ஒரே வாரத்துல மூணு ஊசி. மணி அடிச்சிட்டா போதும், 'சரி, இன்னிக்கு வேலை இருந்திருக்கும்'னுட்டு அவரே எழுந்து சாப்பிடப் போயிடுவாரு. அதான்... மணியைக் கொஞ்சம் முன்னால அடிக்க வச்சேன். எல்லாரும் சாப்பிட்டுப் போனதும் முள்ளைப் பழையபடி திருப்பிடுவேன். நான் லீவு போடற வியாழக்கிழமை மட்டும் இன்னும் ஊசிதான்."

"கடைசி இருபது நிமிஷத்துல யாராவது வருவாங்கன்னு தோணலையாக்கா?"

"அந்நேரத்துக்கு யாருப்பா வர்றாங்க? வர்றவங்கெல்லாம் நாலு மணிக்கே வந்துடுவாங்கல்ல?"

வாட்ச் கடைக்காரரின் மகளைப் பற்றிப் பதினாலுதான் சொல்ல வேண்டியிருந்தது. டீ அக்கா டிராலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எப்போதும் கதவுக்கு உள்பக்கமே வேலை செய்ததால், வெளிப்பக்கத்திலிருந்து திரும்பிப் போன பெண்ணை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

*

"சுலபம்" என்றான் பதினாலு. அவனுக்கே பிடிக்காத சுலபம். "அக்கா குழு முன்னாடி வந்து சொன்னா முடிஞ்சுது. நோட்டு, ரெண்டு புத்தகம், வாக்குமூலம்."

"அவங்க வேலையும் முடிஞ்சுது" என்றார் வக்காலத்தம்மா. "முதல்ல கட்சிக்காரர்கிட்ட கேக்கணும்."

அது அவருடைய ஒரே மதம். தன் கட்சிக்காரர் என்ன சொல்லச் சொல்கிறாரோ அதைத்தான் சொல்வார். அவருக்கு எது நல்லது என்று தனக்குத் தோன்றுவதைச் சொல்ல மாட்டார். அதைச் சொல்லத்தான் டாக்டர், நர்ஸ், மாமன், மச்சான் என்று ஊரே இருக்கிறதே.

வாட்ச் கடைக்காரர் முழுவதையும் கேட்டார். ஜன்னலோரத் தபால்காரரை ஒரு தடவை பார்த்தார்.

"அந்தம்மா பேர் வரக் கூடாதுங்க."

"ஆறு மாசம் சார்" என்றான் பதினாலு. "நூத்தி எண்பது நாள். ஒவ்வொண்ணுக்கும் இதே உப்பில்லாத சாப்பாடு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. ரிப்பேருக்கு வர்ற கடிகாரத்தை யார் கீழ போட்டதுன்னு நான் கேட்டதே இல்ல. ஓட வச்சுக் குடுப்பேன், அவ்வளவுதான்."

பதினாலு வக்காலத்தம்மாவைப் பார்த்தான். அவர் மறுபேச்சு பேசாமல் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"என்னது மேடம்?"

"விசாரணையை ஆபீஸ் அறையில வேண்டாம், வார்டு சாப்பாட்டுக் கூடத்துல வைக்கணும்னு மனு. நோயாளி கேட்டா மறுக்க முடியாது."

"கடிகாரத்துக்கு அடியில. ஆனா அக்கா இனிமே அதைத் தொடவே மாட்டேன்னு அழுதுட்டுப் போயிட்டாங்களே. தொட்டாத்தானே நம்ம வேலை ஆகும்?"

"தொடச் சொல்றதுக்கு நமக்கு அதிகாரம் இல்ல, தொடாதேன்னு சொல்றதுக்கும் இல்ல" என்று வக்காலத்தம்மா கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் கையில் இப்போது இருந்தது இரண்டு புத்தகமும் ஊதா மெழுகில் எழுதிய ஒரு நோட்டும்தான். நர்ஸ்கள் தப்பாக எழுதிவிட்டார்கள், காவலாளி தப்பாக எழுதிவிட்டார் என்று ஒரே வரியில் டாக்டர் ஊதித் தள்ளிவிடலாம். பதினாலுக்கு உள்ளங்கை வியர்த்தது. பிடித்திருந்த கால்சட்டை நழுவியது.

*

மறுஆய்வுக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வார்டு வாசலில் அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. பெரிய மனிதர்களிடம் விதி பல்லைக் காட்டும் என்பதை வக்காலத்தம்மா எதிர்பார்த்துத்தான் இருந்தார்.

கூடத்துக்குள் நுழைந்த தலைவரை, கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரிய சிஸ்டர் வரவேற்றார்.

"அஞ்சு மணின்னு சொன்னீங்க சார். பேஷண்டை இருபது நிமிஷமா உட்கார வச்சிருக்கோம்."

பதினாலு நிமிர்ந்து பார்த்தான். சுவரில் ஐந்து இருபது. மூலையில் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த டீ அக்கா மட்டும் நிமிரவில்லை. விசாரணை இந்தக் கூடத்தில்தான் என்பது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

தலைவரின் முகம் சிவந்தது. "நான் லேட்டா? முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் லேட்டா வந்ததில்லம்மா நான். என் வாட்ச்ல சரியா அஞ்சு. உங்க கடிகாரம் தப்பு."

"வார்டு கடிகாரம் தப்பா ஓடாது சார்."

"ஓடுதே. இருபது நிமிஷம் முன்னால. யாரோ திருப்பி வச்சிருக்காங்க."

வக்காலத்தம்மா தொண்டையைச் செருமினார். "ஐயா, இப்ப சொன்னதைப் பதிவுல எடுத்துக்கலாமா?"

"எதை?"

"வார்டு கடிகாரத்தை யாரோ முன்னால திருப்பி வச்சிருக்காங்கன்னு சொன்னீங்க. இதையே என் கட்சிக்காரர் அஞ்சு வாரமா சொல்றார். கேஸ் ஷீட்ல ஒன்பதாம் பக்கம். அதுக்கு டாக்டர் மனப்பிரமைன்னு பேர் வச்சிருக்கார்."

பதினாலு தலைவரிடம் குனிந்து, அக்கறையோடு சொன்னான். "கவலைப்படாதீங்க சார். பதினாலாம் கட்டில் நல்ல கட்டில். காத்து வரும்."

குழுவின் இன்னொரு உறுப்பினர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். டாக்டர் அறிக்கையைப் புரட்டினார். புரட்டினால் வேறு வாக்கியம் அகப்படும் என்பது போல. "அது சரி சார், தண்ணி மோட்டார் செய்தி சொல்லுதுன்னு..."

"கொஞ்சம் இருந்தா சொல்லும்" என்றார் வாட்ச் கடைக்காரர்.

நோட்டையும் இரண்டு புத்தகங்களையும் தலைவர் வரி வரியாகப் பார்த்தார். மாத்திரை, தூக்கம், மனைவி இறந்த அந்தப் பதினோரு நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாட்ச் கடைக்காரர் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. பேச்சின் நடுவில் சுவருக்குப் பின்னால் மோட்டார் உறுமத் தொடங்கியது. தலைவர் தன்னிச்சையாக மணிக்கட்டைத் திருப்பினார்.

"அஞ்சரை" என்றார்.

"அதான்ங்க செய்தி" என்றார் வாட்ச் கடைக்காரர்.

சுவரில் ஆறு அடித்தபோது பெரிய சிஸ்டர் பழக்க தோஷத்தில் கைமணியை ஆட்டினார். முன் கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. தபால்காரர் எழுந்து, "சரி, இன்னிக்கு வேலை இருந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். அதே சமயம் வார்டுக் கதவுக்கு வெளியே, மூச்சிரைக்க ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை, செருப்புக் கடையின் சீருடை.

"பார்வை நேரம் முடிஞ்சிடுச்சும்மா" என்று கதவருகே இருந்த நர்ஸ் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "உள்ள விசாரணை வேற நடக்குது. நாளைக்காவது நேரத்தோட வாங்க."

"கடையை விட்டு ஓடித்தான் வரேன் சிஸ்டர். அப்பாதான் பார்க்க வேண்டாம்னு சொல்றாரா? அதையாவது சொல்லிடுங்க. நான் தினமும் வந்து நிக்காம இருந்துடறேன்."

தலைவர் வாட்சைப் பார்த்தார். ஐந்து நாற்பது. "அந்தப் பொண்ணை உள்ள விடுங்க" என்றார்.

மகள் உள்ளே வந்தாள். அப்பா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. பதினாலு எறும்பு வரிசையை எண்ணத் தொடங்கினான். கண் கலங்கும்போது எதையாவது எண்ணுவது அவன் கட்டிலில் கற்ற வித்தை.

"எல்லாம் சரி" என்று தலைவர் பேனாவை எடுத்தார். "திருப்பினது யார்?"

வக்காலத்தம்மா கூரையைப் பார்த்தார். வாட்ச் கடைக்காரர் தரையைப் பார்த்தார். மூலையில் கப்புகள் கிணுகிணுத்தன. டீ அக்கா ஒரு அடி முன்னால் வந்து, "ஐயா, அது..." என்று வாயெடுத்தாள்.

"பேட்டரி" என்றார் பெரிய சிஸ்டர்.

எல்லோரும் திரும்பினார்கள். பெரிய சிஸ்டர் சுவரில் ஏறும் எறும்புகளையும் டிராலியையும் தபால்காரரின் காலி நாற்காலியையும் நிதானமாகப் பார்த்துவிட்டு முகத்தை அசைக்காமல் சொன்னார். "பேட்டரி தீர்ந்திருக்கும் சார். அதான் வேகமா ஓடுது. நான் கவனிக்காம விட்டது. என் தப்பு."

பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பின்தங்கும், முந்தி ஓடாது என்பது பதினாலுக்கே தெரியும். தலைவருக்கும் லேசாகத் தெரியும் போலிருந்தது. புருவத்தை உயர்த்தி வாட்ச் கடைக்காரரைக் கேட்டார். "நீங்கதான் நிபுணர். பேட்டரி தீர்ந்தா கடிகாரம் வேகமா ஓடுமா?"

முப்பத்தோரு வருடத் தொழில் அந்த மனிதரின் தொண்டையில் வந்து நின்றது. உண்மையைச் சொன்னதற்காக ஐந்து வாரம் பைத்தியப் பட்டம் சுமந்தவர். கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"சில கடிகாரம் அப்படித்தாங்க."

தலைவர் அவரையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுதினார். திங்கட்கிழமை மகளுடன் வீட்டுக்குப் போகலாம், மாதம் ஒரு முறை வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். டாக்டர் மறுப்புச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தபோது பெரிய சிஸ்டர் டீ அக்காவைக் கடந்து போனார். "டிராலி முழுக்க எறும்பு. துடைச்சு வை" என்றார். நிற்கவில்லை.

"சே" என்றான் பதினாலு. "ஏழு வருஷப் பகை வீணாப் போச்சு."

*

திங்கட்கிழமை வாட்ச் கடைக்காரர் வீட்டுக்குக் கிளம்பும் முன் டிராலியில் ஏறி, கடிகாரத்தைத் தலைவரின் வாட்சைவிடச் சரியாக வைத்துவிட்டு இறங்கினார். கீழிருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டது டீ அக்கா. திருடப்பட்ட இருபது நிமிடம் வார்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அதை என்ன செய்வது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பதினாலு ஒருத்தனைத் தவிர.

அன்று சாயங்காலம் அவன் லாக்கரில் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கால்சட்டையைப் பிடித்தபடி முன் கூடத்துக்கு வந்தான். ஐந்து நாற்பது. தபால்காரர் ஜன்னல் கட்டையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டு வேகமாகிக்கொண்டிருந்தது. கதவருகே இரண்டு நர்ஸ்கள் தயாராக நின்றார்கள்.

பதினாலு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

தபால்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ என் தம்பி இல்ல."

"இல்லண்ணே."

"அவன் உன்னை மாதிரி கால்சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டான். ஒழுங்கா டிரஸ் பண்ணுவான்."

"இருக்கும்ண்ணே."

"அப்புறம் ஏன் வந்த?"

"பதினாலாம் கட்டில்ல நான் ஏழு மாசம் இருந்தேன்" என்றான். "யாரும் வரல. இந்தக் கடைசி அரை மணி எப்படி இருக்கும்னு தெரியும்."

தபால்காரரின் விரல் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. பிறகு கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, நாளைக்காவது பெல்ட் போட்டுக்கிட்டு வா" என்றார்.

கதவருகே நின்ற நர்ஸ்கள் வேறு வேலையைப் பார்க்கப் போனார்கள். பார்வையாளர் புத்தகத்தில் தபால்காரரின் பெயருக்கு எதிரே, நாலு மாதத்துக்குப் பிறகு, ஒரு வரி விழுந்தது. வந்த நேரம் ஐந்து நாற்பது. உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பெரிய சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு "தம்பி" என்று எழுதினார்.